இப்லீஸைப் பேயாக்காதீர்கள்

கல்முனையில் பள்ளிவாசலில் பேசுவதும் மெதடிஸ்த ஆலயத்தில் பேசுவதும் ஒரே தமிழ்தான். தீமைக்குத் தலைவனானவனின் பெயர் மட்டும் இடத்துக்கு இடம் மாறுகிறது. மத்ரஸாவில் ஓதும் பிள்ளைக்கு அவன் ஷைத்தான், இப்லீஸ். வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பை வாசிப்பவருக்குப் பிசாசு, சாத்தான். 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் அலகை. இவற்றுள் நல்ல தமிழ் எது என்று கேட்டால் பலரும் அலகையைத்தான் காட்டுவார்கள். 850ஆம் குறளிலேயே இருக்கும் சொல் அது. ஆனால் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு பொருளைத் தமிழில் விளக்கிய முஸ்லிம்களின் வழியே சரி என்பேன்.

பேய், பிசாசு, அலகை ஆகிய மூன்றும் நம் ஊர்களில் ஏற்கெனவே குடியிருப்பவை. பேய் என்றதும் அகாலமாய்ச் செத்தவரின் ஆவியும், பிடிப்பதும் ஓட்டுவதும் நினைவுக்கு வருகின்றன. இப்லீஸ் அப்படிப்பட்டவன் அல்லன். நெருப்பால் படைக்கப்பட்டவன், மண்ணால் ஆன ஆதமுக்குப் பணிய மாட்டேன் என்று பெருமையால் மறுத்தவன். அவனால் மனிதனை வற்புறுத்த முடியாது. உள்ளத்தில் ஊசலாட்டத்தைப் போடத்தான் முடியும். அதைத்தான் 'வஸ்வாஸ்' என்கிறோம். அவனைப் பேயாக்கினால், செய்த பாவத்துக்கு மனிதன் பொறுப்பில்லாமல் போய்விடுகிறான். ஜின்னைப் பேய் என்று எழுதினால் இன்னும் மோசம். இப்லீஸ் ஜின் இனத்தவன் என்கிறது குர்ஆனின் 18ஆம் அத்தியாயம். அதே குர்ஆனைக் கேட்டு ஈமான், அதாவது இறைநம்பிக்கை, கொண்ட ஜின்களைப் பற்றிச் சொல்கிறது 72ஆம் அத்தியாயம். ஈமான் கொண்ட பேய் என்று எந்தத் தமிழில் எழுதுவது?

இதே சிக்கலில் ஜப்பானும் மாட்டியது. முத்துக்குளித்துறையில் பரதவரிடையே ஊழியம் செய்த பிரான்சிஸ் சேவியர் 1549இல் ககோஷிமாவில் இறங்கினார். கடவுளுக்கு அங்கிருந்த 'தைநிச்சி' என்ற பெயரை எடுத்தாண்டார். அது ஷிங்கோன் பௌத்தர்கள் வணங்கும் புத்தரின் பெயர் என்று பிறகுதான் புரிந்தது. அதைக் கைவிட்டு 'தேயூஸ்' என்ற இலத்தீன் பெயருக்கே திரும்பினார். சாத்தானுக்கு அக்காலக் கிறிஸ்தவ நூல்கள் 'தெங்கு' என்ற மலைப்பூதத்தின் பெயரைக் கொடுத்தன. செருக்குக்குப் பேர்போனது என்பதால் ஓரளவு பொருந்தியது. ஆனால் தெங்குவை மலைக்காவலாக மதித்து வணங்குவோரும் அங்கே உண்டு. இன்றைய ஜப்பானிய வேதாகமத்தில் 'அக்குமா' என்ற சொல் இருக்கிறது; அதன் 'மா' புத்தரைச் சோதித்த மாரனிடமிருந்து வந்தது. அதன் பக்கத்திலேயே 'சாத்தான்' என்ற பெயரும் ஒலிபெயர்ப்பாக நிற்கிறது.

அரபுப் பெயர்கள் அயலாரை அந்நியப்படுத்தாதா என்று கேட்கலாம். எபிரேயத்திலிருந்து வந்த சாத்தான் தமிழில் வேரூன்றிவிடவில்லையா? ஷைத்தானும் அதன் உடன்பிறப்புத்தான். உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் 'இபுலீசு' என்று தமிழ் நாவுக்கு இசைய எழுதிக் காவியத்திலேயே உட்கார வைத்தார். ஒலிபெயர்ப்பிலும் ஒரு வில்லங்கம் உண்டு என்பதை மறுக்கவில்லை. மணிமேகலை பாடிய சீத்தலைச் சாத்தனாரின் பெயருக்கும் சாத்தானுக்கும் ஒலியைத் தவிர உறவேதும் இல்லை; ஆனாலும் மாணவர்கள் குழம்பக்கூடும். அதை ஓர் அடிக்குறிப்பு தீர்த்துவிடும். தவறான தமிழ்ச்சொல் நுழைத்த தவறான நம்பிக்கையை அடிக்குறிப்பால் தீர்க்க முடியாது.

சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் பிள்ளைகளுக்கு மார்க்க நூல் எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: எளிமைக்காக ஜின்னைப் பேயென்று எழுதிவிடாதீர்கள். பெயரை அப்படியே வையுங்கள். இப்லீஸ் யார், என்ன செய்வான், என்ன செய்ய முடியாது என்பதை நல்ல தமிழில் நாலு வரி எழுதுங்கள்.