மூச்சு மாறினால் எண் மாறும்

பிளஸ் 2 தேர்வு நெருங்க நெருங்க, பெற்றோர் கடிதங்களில் ஒரே கேள்வி: "பையனின் ஸ்மார்ட் வாட்ச் ஸ்ட்ரெஸ் 80 என்கிறது. பயப்பட வேண்டுமா?" நாடியைத் திரையில் காட்டிக்கொண்டே மூச்சுப் பயிற்சி கொடுத்து, தேர்வுக்குள் பதற்றத்தைப் போக்கித் தருவதாகச் சொல்லும் பயோஃபீட்பேக் வகுப்புகளில் சேர்க்கலாமா என்றும் கேட்கிறார்கள்.

வாட்ச் அளப்பது எதை?

மனசை அல்ல. பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சி நாடியைப் பிடிக்கிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி எவ்வளவு கூடிக் குறைகிறது என்று பார்க்கிறது. அது அதிகம் மாறாமல் இருந்தால் 'ஸ்ட்ரெஸ்' என்று பெயர் சூட்டிவிடுகிறது. காய்ச்சலோ தூக்கக் குறைவோ இருந்தாலும் அப்படித்தான் காட்டும். அந்த எண்ணை மட்டும் வைத்து யாருக்கும் நோய் என்று சொல்ல முடியாது.

மூச்சுப் பயிற்சி செய்ததும் எண் இறங்குகிறதே?

சூட்சுமம் இங்கேதான். மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று வேகம் கூடும். விடும்போது வேகஸ் நரம்பு அதைத் தணிக்கும். ஜெர்மானிய உடலியலாளர் கார்ல் லுட்விக் 1847-லேயே இதைப் பதிவு செய்துவிட்டார். இதோடு இன்னொரு ஏற்பாடும் உண்டு. ரத்த அழுத்தம் ஏறினால் கழுத்துத் தமனியில் உள்ள உணர்விகள் மூளைக்குத் தகவல் அனுப்பி, இதயத்தை மெதுவாக்கும். இந்தத் திருத்தம் முழுதாகப் பலிக்கச் சுமார் 5 நொடி பிடிக்கும். ஒரு மூச்சுக்கு 10 நொடி, அதாவது நிமிடத்துக்கு 6 மூச்சு என்று விட்டால், இரண்டும் ஒரே தாளத்துக்கு வந்துவிடுகின்றன. ஊஞ்சலைச் சரியான சமயத்தில் தள்ளுவதுபோல, துடிப்பின் ஏற்ற இறக்கம் பெரிதாகிறது. இடைவெளி அதிகம் மாறுவதைப் பார்த்து வாட்ச் 'ஸ்ட்ரெஸ்' எண்ணை இறக்கிவிடுகிறது. இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டி குழுவின் 2001 ஆய்வில், லத்தீன் ஜெபமாலை சொன்னபோதும் யோக மந்திரம் சொன்னபோதும் மூச்சு இதே 6-க்குத்தான் வந்தது.

பயிற்சியால் பதற்றம் குறைவதாகச் சொல்லும் ஆய்வுகள் உண்டு. ஆனால் திரையில் எண் இறங்குவது அதற்குச் சாட்சி ஆகாது. கணக்குப் பரீட்சையை நினைத்து நடுங்கிக்கொண்டே மெதுவாக மூச்சு விட்டாலும் எண் இறங்கலாம். பயிற்சியைக் கொடுத்துவிட்டு, அந்தப் பயிற்சி நேரடியாக அசைக்கும் எண்ணையே பலனாகக் காட்டிக் கட்டணம் கேட்பதுதான் இடிக்கிறது.

மைண்ட்ஃபுல்னஸ் தியான வகுப்பு?

1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஜான் கபாட்-ஸின் தொடங்கியது. 8 வார வகுப்பு. 47 ஆய்வுகளைத் தொகுத்த 2014-ம் ஆண்டு அறிக்கை, தியான வகுப்புகளால் பதற்றம் ஓரளவு குறைகிறது என்றது. உடற்பயிற்சியைவிட மேல் என்பதற்குச் சான்று இல்லை என்றும் சொன்னது.

கருவி வாங்க வேண்டுமா?

சுவர்க் கடிகாரம் போதும்: 4 நொடி இழுத்து, 6 நொடி விடுங்கள்.

தலை சுற்றினால்?

நிறுத்துங்கள், மெதுவாக விடச் சொன்னால் ஆழமாக இழுத்திருப்பீர்கள்.

ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையை நிறுத்தலாமா?

மருத்துவரைக் கேட்காமல் கூடாது.

தேர்வுக்கு முதல் நாள் தொடங்கலாமா?

அன்றைக்குத் தூக்கம்தான் முக்கியம்.

யாரிடமாவது பேச வேண்டும் என்றால்?

மனநல உதவி எண் டெலி மானஸ், 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.