புல்லுக்குள் தூங்கும் வௌவால்

நெல், கோதுமை, கரும்பு, அருகம்புல் எல்லாமே புல் குடும்பம். மூங்கிலும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். எவ்வளவு உயரம் வளர்ந்தாலும் அது மரமல்ல, புல்! மரம் ஆண்டுக்கு ஆண்டு பருக்கும். மூங்கில் அப்படியில்லை. மண்ணைவிட்டு வெளியே வரும்போது குருத்து எவ்வளவு தடிமனோ, அதன்பின் அவ்வளவுதான். உயரம் மட்டும் விறுவிறுவென ஏறும். சில இனங்கள் ஒரே நாளில் 90 சென்டிமீட்டர் வரைகூட வளர்ந்துவிடும்.

இந்தப் புல்லோடு ஒரு வௌவாலை ஒப்பிட்டுப் பார்ப்போமா? மூங்கில் வௌவால் என்றே அதற்குப் பெயர். உடல் நீளம் சுமார் 4 சென்டிமீட்டர். எடையோ ஒரு ரூபாய் நாணயம் அளவு! இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியக் காடுகளிலும் வாழ்கிறது. மலேசியாவில் கோலாலம்பூர் அருகே உலு கோம்பாக் காட்டில் ஆய்வாளர்கள் இதன் வாழ்க்கையை நெருங்கிக் கவனித்திருக்கிறார்கள்.

மூங்கிலின் இரண்டு கணுக்களுக்கு நடுவே உள்ள வெற்றிடம்தான் இதன் படுக்கையறை. வாசலைத் திறப்பது ஒரு வண்டு. இளங்குருத்தில் அது சின்னதாக ஒரு துளை போடும். குருத்து நீள நீளத் துளையும் நீண்டு, குறுகலான பிளவாகிவிடும். வௌவாலின் மண்டையோடு நன்றாகத் தட்டையானது. அதனால் அந்தப் பிளவில் சட்டென்று நுழைந்துவிடும். உள்சுவர் வழுக்குமே? அதற்காகக் கட்டைவிரலிலும் பாதத்திலும் ஒட்டிப் பிடிக்கும் மெத்தைகள் உண்டு. பெரிய பாம்பால் இந்த வாசலில் தலையை நுழைக்க முடியாது.

மூங்கில் வெயிலைக்கொண்டு தன் உணவைத் தானே சமைக்கிறது. வௌவால் இரவில் பறந்து ஈசலையும் பூச்சிகளையும் பிடிக்கிறது. ஈசல் எங்கிருந்து வந்தது? கறையான் புற்றிலிருந்து. கறையான் தின்பது காய்ந்த மரத்தையும் புல்லையும். ஆக, வௌவாலின் சிறகை அசைக்கும் சக்தியும் ஏதோ ஒரு செடி வெயிலில் சமைத்ததுதான். எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

வௌவால் பாலூட்டி. பெரும்பாலும் இரட்டைக் குட்டிகளே போடும். முள்மூங்கில் என்ற மூங்கில் இனமோ பல பத்தாண்டுகள் காத்திருந்து, ஒரே ஒருமுறை பூத்து, விதைகளை உதிர்த்துவிட்டுப் பட்டுப்போகும்.

காட்டுக்குப் போகும்போது மூங்கிலில் பிளவு தெரிந்தால் குச்சியை விட்டுக் குத்தாதீர்கள். விரலையும் நுழைக்காதீர்கள். பகலில் உள்ளே ஒரு குடும்பம் தூங்கிக்கொண்டிருக்கலாம்.