தகவல் பாதுகாப்புப் படிப்பு: கல்லூரி வாலிபருக்கு ஓர் அறிமுகம்



திருவனந்தபுரம் மாவட்டத்தில், விதுரைக்கு அப்பால், அகத்தியர் மலையை அடுத்து இருக்கிறது போனக்காடு. தமிழ் பேசும் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேயிலைக் கொழுந்து பறித்த இடம் அது. தோட்டத்தில் வேலையும் கூலியும் நின்றுபோனபோது பல குடும்பங்கள் லயத்து வீடுகளை விட்டுப் பிழைப்புத் தேடி மலையிறங்கின. உங்களில் அநேகருடைய வரலாறும் இதைப் போன்றதே. இன்று உங்கள் பிள்ளைகள் கல்லூரியில் படிக்கிறார்கள். "அடுத்து என்ன படிக்கலாம்?" என்று அவர்கள் கேட்கும்போது எடுத்துச் சொல்லத்தக்க ஒரு படிப்பைக் குறித்து இங்கே சிந்திப்போம். அதுவே தகவல் பாதுகாப்பு.

எதைக் காக்கும் படிப்பு?

நம் முன்னோரின் சேமிப்பு டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது. அதைக் காக்க ஒரு பூட்டு போதும். இன்றோ சம்பளம், நிலப் பத்திரம், மதிப்பெண், நோயாளியின் பரிசோதனை முடிவு ஆகிய யாவும் கணினிகளில் இருக்கின்றன. இவற்றில் மூன்று காரியங்களைக் காக்க வேண்டும் என்பதே இப்படிப்பின் முதல் பாடம்.

ஒன்று, இரகசியம்: உரியவரன்றி வேறெவரும் பார்க்கக் கூடாது. இரண்டு, மாறாமை: எழுதப்பட்டதை எவரும் திருட்டுத்தனமாகத் திருத்தக் கூடாது. மூன்று, கிடைத்தல்: தேவைப்படும் வேளையில் தகவல் கைக்கு வர வேண்டும். மூன்றாவது தவறினால் என்ன நேரும் என்பதை 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை கண்டது. அதன் கணினிகள் தாக்கப்பட்டபோது, பல நாட்கள் நோயாளிகளின் பதிவுகளைக் காகிதத்தில் கையால் எழுத வேண்டியதாயிற்று.

வகுப்பில் கற்பிக்கும் ஒரு காரியத்தை மாதிரிக்குச் சொல்லுவோம். நல்ல நிறுவனம் எதுவும் உங்கள் கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைப்பதில்லை. அதைக் கணக்கு முறையில் உருமாற்றி, கைரேகையைப் போன்ற ஓர் அடையாளத்தை மட்டும் வைத்துக்கொள்கிறது. இதற்கு 'ஹாஷ்' என்று பெயர். கடவுச்சொல்லிலிருந்து கைரேகையை எடுப்பது எளிது. கைரேகையிலிருந்து கடவுச்சொல்லைத் திரும்பப் பெறும் நேர்வழி இல்லை. ஆனாலும் 'அம்மா123' போன்ற எளிய சொற்களை ஒவ்வொன்றாக உருமாற்றி ஒப்பிட்டுப் பார்க்கும் திருடனுக்கு அது அகப்பட்டுவிடும். நீளமான கடவுச்சொல் வையுங்கள் என்று சொல்லுவதன் காரணம் இதுவே.

ஒரே அறிவு, இரண்டு வழிகள்

வாலிபப் பிள்ளைகளே, பூட்டு செய்யக் கற்பவன் பூட்டைத் திறக்கவும் கற்கிறான். இந்தப் படிப்பில் அறிவு ஒன்றே. அது செல்லும் வழிகள் இரண்டு.

பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலா நகரில் ஒனெல் டி குஸ்மான் என்னும் கணினிக் கல்லூரி மாணவர் இருந்தார். அக்காலத்தில் இணைய வசதிக்குச் செலவு அதிகம். பிறருடைய கடவுச்சொற்களை எடுத்து இலவசமாக இணையத்தில் நுழையும் ஒரு நிரலை அவர் தமது ஆய்வேட்டுக்கு முன்வைத்தார். கல்லூரி அதை நிராகரித்தது. 2000 மே மாதத்தில் 'ஐ லவ் யூ' என்ற தலைப்போடு மின்னஞ்சலில் புறப்பட்ட ஒரு கணினிப் புழு சில நாட்களில் உலகெங்கும் கோடிக்கணக்கான கணினிகளைத் தொற்றியது. அந்நாட்டில் அப்போது தகுந்த சட்டம் இல்லாததால் அவர் தண்டனைக்குத் தப்பினார். தாமே அதை எழுதியதாக அவர் ஒப்புக்கொண்ட பேட்டி 2020இல் வெளிவந்தது. அப்பொழுது அவர் மணிலாவில் ஒரு சிறிய செல்போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்துகொண்டிருந்தார். திறமை இருந்தது, அதைச் செலுத்த ஏற்ற வழி அவருக்கு அமையவில்லை.

நம் நாட்டில் சட்டம் உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருக்கிறது. அனுமதியின்றிப் பிறர் கணினியில் நேர்மையற்ற எண்ணத்தோடு நுழைந்தால், அதன் 66ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையும் ஐந்து இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். ஆகவே 'அனுமதி' என்ற ஒரு சொல்லை முதல் நாளிலேயே மனதில் எழுதிக்கொள்ளுங்கள். நண்பனின் கைப்பேசியிலும் கல்லூரியின் கணினியிலும் பழகிப் பார்க்காதீர்கள். பயிற்சியெல்லாம் உங்கள் சொந்தக் கணினியில் இருக்கட்டும்.

எங்கே கற்கலாம்?

பணம் இல்லையே என்று தளர வேண்டாம். ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். திட்டத்தில், சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் காமகோடி தகவல் பாதுகாப்பைக் காணொளிப் பாடங்களாக நடத்தியிருக்கிறார். 2022இல் அந்நிறுவனத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்றவர் அவரே. இத்திட்டத்தின் பாடங்களைக் கட்டணமின்றிக் கேட்கலாம். சான்றிதழ் வேண்டித் தேர்வு எழுதுவோர் மட்டும் கட்டணம் செலுத்துகிறார்கள்.

முறையாகப் படிக்க விரும்புவோருக்கு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் கணினிப் பாதுகாப்பில் முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. இதற்குப் பொது நுழைவுத் தேர்வு உண்டு. போனக்காட்டிலிருந்து இறங்கி வரும் பிள்ளைக்குத் திருவனந்தபுரத்திலேயே சி-டாக் மையம் இருக்கிறது. 1990இல் தொடங்கிய டெக்னோபார்க்கும், 2020இல் உருவான கேரள டிஜிட்டல் பல்கலைக்கழகமும் அம்மாவட்டத்தில்தான் உள்ளன. கேரளக் காவல்துறை 2016இல் டெக்னோபார்க்கில் 'சைபர்டோம்' மையத்தைத் திறந்து, தொழில்நுட்பம் அறிந்த தன்னார்வலர்களைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அதே திறமை அனுமதியோடு செல்லும் வழி இது.

கணினிப் பாடம் எடுக்காத மாணவரும் தொடங்கலாம். வலையமைப்பு எவ்வாறு இயங்குகிறது என்பதை முதலாவது கற்றுக்கொள்ளுங்கள். அடுத்து லினக்ஸ், அதன் பின் சி அல்லது பைத்தான். தினமும் ஒரு மணி நேரம் தவறாமல் ஒதுக்குவது, விடுமுறையில் ஒரே மூச்சில் படிப்பதைவிட நலம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

"மூன்றே மாதத்தில் வேலை நிச்சயம்" என்று சொல்லிப் பெருந்தொகை கேட்கும் இடங்களைக் குறித்து எச்சரிக்கையாயிருங்கள். அங்கே படித்து முடித்தவர்கள் இருவரையாவது நேரில் விசாரித்த பின்பே பணம் கட்டுங்கள். கணினி வேலை என்று நம்பி அயல்நாடு சென்ற தமிழ் இளைஞர்கள் சிலர், மியான்மாரின் மியாவாடிப் பகுதியில் இணைய மோசடி செய்யும்படி கட்டாயப்படுத்தப்பட்டு, 2022இல் மீட்கப்பட்டதை மறவாதீர்கள். அயல்நாட்டு வேலை என்றால், முகவர் அரசாங்கத்தில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். பண மோசடி நேர்ந்தால் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

பிள்ளை படிக்கத் தொடங்கியதும், கற்றதை முதலாவது வீட்டிலே செய்து காட்டச் சொல்லுங்கள். தாயின் கைப்பேசிக்கும் தகப்பனின் வங்கிக் கணக்கிற்கும் அவன் காவல் வைக்கட்டும். வீட்டைக் காக்கப் பழகிய பிள்ளையை நம்பி, நாளை ஒரு வங்கியோ மருத்துவமனையோ தன் வாசலை ஒப்புவிக்கும்.