பங்கோர் ஒல்லாந்தர் கோட்டையும் எல்லைக்காவலின் இயல்பும்

ஆயர் தாவாரிலிருந்து லூமுட் சென்று படகேறினால் பங்கோர் தீவை அடையலாம். அங்குத் தெலுக் கெடோங் என்னுமிடத்தில் கூரையிழந்து நிற்கும் செங்கல் மதில்களை மலாய் மக்கள் கோத்தா பெலாண்டா என்பர். 1670இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) எழுப்பிய கோட்டை இது. இதனைக் காண்போர், ஒல்லாந்தர் பேராக்கை ஆண்டனர் எனக் கருதிவிடுவது இயல்பு. கோட்டை இருந்தமையால் ஆட்சியும் இருந்தது எனக் கொள்ளலாமா என்பதே நாம் ஈண்டு எழுப்பும் வினா.

உரோமப் பேரரசின் வட எல்லை இவ்வகையில் நமக்குத் துணைநிற்கிறது. பேரரசன் ஆத்ரியன் கி.பி. 122இல் பிரித்தானியாவில் ஏறத்தாழ 117 கிலோமீட்டர் நீள மதிலைத் தொடங்கினான். அதற்கும் வடக்கே 142இல் தொடங்கப்பெற்ற மதில் இருபதாண்டளவிலேயே கைவிடப்பட்டது. விண்டோலாந்தாக் கோட்டையில் 1973 முதல் கிடைத்துவரும் மரச்சிற்றேடுகளில் சரக்குக் கணக்கும், வீரர்க்குப் பீர் வேண்டும் மடலும், பிறந்தநாள் அழைப்பும், உள்ளூராரை இகழும் சொல்லும் உள்ளன. வெளியிலிருந்து வரும் பண்டத்தை நம்பி, சுற்றிலும் வாழ்வோரை ஐயுற்று இருந்ததே அவ்வாழ்க்கை.

பங்கோரில் அத்தகைய ஏடுகள் கிடைத்தில. எனினும் 1689இல் அங்கு வந்த ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் விரிவான குறிப்பு ஒன்றை விட்டுச்சென்றுள்ளார். காவலுக்கு இருந்தோர் இருபது, முப்பது வீரரே. கோட்டைக்கு வெளியேயிருந்த இல்லத்தில் தலைவர் விருந்தளித்துக்கொண்டிருந்தபோது, மலாய்க்காரர் வருகின்றனர் என ஒரு குரல் எழுந்தது. தலைவர் ஒரு சொல்லும் உரையாது பலகணி வழியே குதித்துக் கோட்டைக்குள் ஓடினாராம்! ஆள்வோரின் இயல்பா இது?

உண்மையில் அவர்கள் காத்தது நிலத்தையன்று; ஈயத்தை. 1641இல் மலாக்காவைக் கைப்பற்றியபின், பேராக் ஈயம் முழுவதும் தமக்கே விற்கப்பட வேண்டுமென ஒல்லாந்தர் வற்புறுத்தினர். அதுவரை சோழமண்டலக் கரையின் துணியைக் கொணர்ந்து ஈயம் பெற்றுச் சென்றோருள் தமிழ் முஸ்லிம்களாகிய சூலியா வணிகரும் அடங்குவர். அவர்தம் கப்பல்களையும் தடுப்பதற்கே கோட்டையும் காவற்கப்பலும் நின்றன. தமிழாசிரியர் இக்கோட்டையை விளக்குங்கால் விடுபட்டுப்போகும் செய்தி இதுவே.

1690இல் உள்ளூரார் கோட்டையைத் தாக்கி அழித்தனர். 1743இல் ஒல்லாந்தர் மீண்டும் வந்தனர். 1748இல் அக்காவலும் நீங்கியது. பேராக் சுல்தானின் அரசோ இடையறாது தொடர்ந்தது. கோட்டையின் அருகிலுள்ள பாறையில் 1743 என்னும் ஆண்டும் வி.ஓ.சி. என்னும் மூன்றெழுத்தும் பொறிக்கப்பட்டுள்ளன. நம் மாணவர் தூத்துக்குடிப் பெருமகனாரை நினைவுகூர்தல் கூடும்; அஃது ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கும்பினியின் முத்திரை.