சீட்டுக்கு ஒரு வேண்டுதல், வேலைக்கு ஒரு வேண்டுதல்

சித்தூரை அடுத்த காணிப்பாக்கம் சத்தியத்துக்குப் பேர்போன ஊர். கொடுக்கல் வாங்கலில் தகராறு முற்றினால், "காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால் சத்தியம் செய்" என்பது இந்த வட்டாரத்து வழக்கம். அதே சந்நிதிக்கு இன்ஜினீயரிங் மாணவன் இரண்டு முறை வருகிறான். முதலில் சீட்டு கேட்டு. நான்காம் ஆண்டில் வேலை கேட்டு. "இந்தப் படிப்பை விரும்பித்தான் எடுத்தேனா?" என்று சத்தியமாகச் சொல்லும்படி மட்டும் அவனை யாரும் கேட்பதில்லை.

திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக் கழகம் 1954ல் தோன்றியது. அதன் பொறியியல் கல்லூரி 1959ல் வந்தது. அன்று சீட்டு கிடைப்பதே பெரும்பாடு. இன்று சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் தனியார் கல்லூரிகள் பல. 2015 முதல் ஐ.ஐ.டி.யும் இருக்கிறது.

எந்த ஊர்க்காரன்?

எல்லைப்புறத் தமிழ்க் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஆந்திரத்தில் 1974ம் ஆண்டு உத்தரவுப்படி 100க்கு 85 இடங்கள் உள்ளூர் மாணவர்களுக்கு. இண்டர்மீடியட் முடிய, தொடர்ந்து நான்கு ஆண்டுகள் அந்தப் பகுதியில் படித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. வீட்டில் பேசும் மொழி கணக்கில் இல்லை. தமிழ்நாட்டிலோ 8 முதல் 12 வரை அங்கேயே படிக்காதவர்கள் இருப்பிடச் சான்று காட்ட வேண்டும்.

பத்தாவது முடிந்ததும் பிளஸ் டூவுக்காகப் பையனைக் காட்பாடிக்கோ வேலூருக்கோ அனுப்புகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. இங்கே நான்காண்டுக் கணக்கு அறுந்துபோகிறது. அங்கே ஐந்தாண்டுக் கணக்கு சேருவதில்லை. பையன் இரண்டுங்கெட்டான் ஆகிவிடக் கூடும். எட்டாம் வகுப்பிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது.

பட்டத்துக்குப் பின்

நான்காம் ஆண்டு மாணவனின் கவலை வேறு. தகப்பனார் பிராவிடண்ட் பண்டில் கடன் வாங்கிக் கட்டிய பணம், கையில் பட்டம், ஆனால் மிஷினைத் தொட்டு வேலை செய்த பழக்கம் இல்லை. கரகம்பாடியில் பாட்டரி தொழிற்சாலை, ரேணிகுண்டாவில் எலெக்ட்ரானிக்ஸ், சத்தியவேடு பக்கம் ஸ்ரீசிட்டி என்று தொழில்கள் அருகிலேயே வந்துவிட்டன. அங்கே முதலில் கேட்பது, "என்ன செய்யத் தெரியும்?" என்பதுதான்.

இதற்கு ஒரு வழி அப்ரண்டிஸ் பயிற்சி. 1961ம் ஆண்டுச் சட்டத்தில் 1973ல் செய்த திருத்தம் பொறியியல் பட்டதாரிகளையும் சேர்த்துக்கொண்டது. ஓராண்டுப் பயிற்சி, மாதந்தோறும் உதவித்தொகை, முடிவில் சான்றிதழ். பயிற்சி கொடுத்த இடத்திலேயே வேலை கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனாலும், அடுத்த இடத்தில் கேட்கும் கேள்விக்குச் சொல்லப் பதில் இருக்கும். படித்தவன் மெக்கானிக்கே, ஆனால் மனம் கணக்கிலும் கம்ப்யூட்டரிலும்தான் என்றால், அதுவும் அந்த ஓராண்டில் தெரிந்துபோகும்.

தொழிற்சாலையிலும் ஆபீசிலும் உழைத்துப் பிள்ளையைப் படிக்கவைக்கும் தகப்பனார்கள், பக்கத்து வீட்டுப் பையன் எந்தப் பிரிவில் சேர்ந்தான் என்று விசாரிப்பதற்கு முன், தம் பையனுக்கு எந்த வேலையில் கை ஓடுகிறது என்று அவனையே கேட்கலாம். அவன் சொல்லும் பதில் தமக்குப் பிடிக்காததாக இருந்தாலும், பணம் கட்டுவதற்கு முன்பே அதைக் கேட்டுக்கொள்வது இருவருக்கும் லாபம்.