மூன்று சென்ட்டில் நிழல் எங்கே?

ஆலத்தியூர்ப் பக்கம் சித்திரை பிறந்தால் சுண்ணாம்புக்கல் பூமி அனலாய்க் கொதிக்கும். அந்த வெயிலில்தான் நம் தெருப் பெண்கள் கோழிக்குஞ்சு வளர்க்கிறார்கள். நிலமில்லாத வீட்டுக்கு ஆடும் கோழியும்தான் சேமிப்பு. பிள்ளைக்கு நோட்டு வாங்கவும் அவசர ஆஸ்பத்திரிச் செலவுக்கும் கோழியைத்தான் விற்கிறோம்.

ஏழைப் பெண்களுக்கு 50 சதவீத மானியத்தில் நான்கு வார வயதுள்ள 40 நாட்டுக்கோழிக் குஞ்சுகள் தரும் திட்டத்தை அரசு அறிவித்தது. பயனாளிகளில் 30 சதவீதம் ஆதிதிராவிடர், பழங்குடியினர். நல்லது. ஆனால் 40 குஞ்சை எங்கே வைப்பது? தோப்பும் களமும் உள்ளவருக்கு வேப்பமரத்தடி இருக்கிறது. காலனியில் மூன்று சென்ட் மனையில் வீடு போக மிஞ்சுவது ஒரு கட்டில் போடும் இடம். அதற்கும் தகரக் கூரை.

கோழிக்கு வியர்க்காது. வாயைப் பிளந்து மூச்சு வாங்கித்தான் உடல் சூட்டைத் தணிக்கும். காற்றில் ஈரம் கூடிவிட்டால் அதுவும் பலிக்காது. ஆகவே கூண்டுக்குள் தண்ணீர் தெளிக்கக் கூடாது. கீழே பரப்பிய உமி நனைந்தால் ரத்தக்கழிச்சல் வரும். தகரத்தின் மேல் கீற்றைப் போட்டு அதை நனைக்கலாம். பக்கத்தை மறைக்காமல் வலை கட்டினால் காற்று வரும். மண்சட்டித் தண்ணீரை நிழலில் வைத்து அடிக்கடி மாற்ற வேண்டும். தீனி காலையிலும் சாயங்காலமும் போதும்.

தாயில்லாத ஒருநாள் குஞ்சென்றால் முதல் வாரம் சுமார் 35 டிகிரி சூடு தேவை. பிறகு வாரம் 3 டிகிரி குறைக்கலாம். அதற்காகப் பகலே 38-ஐத் தாண்டும் ஊரில் நாள் முழுக்கப் பல்பு எரிந்தால் பல்பே எமன். குஞ்சுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கும்பலாகக் கிடந்தால் குளிர். ஓரம் ஒதுங்கி இறக்கையை விரித்தால் சூடு. தெர்மாமீட்டர் எதற்கு?

இதையெல்லாம் நம் பெண்கள் கற்றுக்கொள்வார்கள். வெள்ளைக்கழிச்சல் வந்தால்தான் ஒரே வாரத்தில் தெருவே காலி. ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்து, எட்டாம் வாரம் ஊசி. கால்நடை மருந்தகங்களில் சனிக்கிழமைதோறும் இலவசமாகவே போடுகிறார்கள். ஆனால் சனிக்கிழமையும் கூலிநாள்தானே! கூடையோடு போனால் அன்றைய சம்பளம் போச்சு.

2005-ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டம், நம் மக்களின் வீடுகளுக்குக் கோழிக்கொட்டகை கட்டவும் வழி வைத்தது. எத்தனை காலனிகளில் கட்டினார்கள்? மே 1 கிராமசபையில் இதைக் கேட்போம். கூடவே, வேலைக்குக் கிளம்பும் முன் விடியற்காலையில், ஐஸ் பெட்டியோடு ஊசி மருந்து காலனிக்கே வர வேண்டும் என்றும் எழுதிக் கொடுப்போம்.