தீவுக்குப் போகுமுன் திரும்பும் படகைக் கேளுங்கள்

கடலருகே பிறந்தவர்க்குக் கடல் புதிதன்று, தீவுதான் புதிது. கல்முனைக் கரையில் நின்று கிழக்கே நோக்கினால் கண்ணுக்கு எட்டிய மட்டும் நீரேயன்றி நிலம் இல்லை. தேசப்படத்தில் விரலை வைத்து நேர்கிழக்கே நகர்த்திச் சென்றால், ஏறத்தாழ 1,300 கிலோமீற்றருக்கு அப்பால் நிக்கோபார்த் தீவுகளில்தான் அது முட்டும். மருதமுனை முதல் அக்கரைப்பற்று ஈறாக உள்ள நம் ஊர்ப் பிள்ளைகள் வள்ளமும் தோணியும் கண்டிருப்பர். கரைவலை இழுப்பதை வேடிக்கை பார்த்திருப்பர். ஆனால் காலையில் படகேறி, ஒரு தீவைச் சுற்றிப் பார்த்து, மாலையில் கரை திரும்பும் இன்பத்தை அறிந்தவர் அவர்களுள் மிகச் சிலரே.

இதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலையில் வந்த பேரலை அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அன்றிலிருந்து நம் வீடுகள் பலவற்றில் கடல் என்பது பார்ப்பதற்குரிய பொருளே தவிர, கால் வைப்பதற்குரிய இடமன்று. ஆகவே ஒரு தீவுப் பயணத்துக்குத் திட்டமிடும் நம் குடும்பங்கள் வழியையும் செலவையும் மட்டுமன்றி, இந்த அச்சத்தையும் கணக்கில் கொள்ள வேண்டியுள்ளது.

நோன்புப் பெருநாளுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட விடுமுறையில் நாங்கள் இரண்டு குடும்பத்தார் யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்குச் சென்று வந்தோம். மற்றக் குடும்பம் கல்முனையில் புடைவைக்கடை நடத்தும் முஸ்லிம் நண்பர் ஒருவருடையது. திட்டத்தைப் பற்றி முதலில் பேசிய அன்றே அவர், "சேர், புள்ளைகள் ஆசப்படுதுகள். ஆனா அவ வள்ளத்துல ஏற மாட்டா" என்று மனைவியைக் குறித்துச் சொல்லிவிட்டார். அந்த அம்மையார் பேரலையில் தம் தாயை இழந்தவர். "யாழ்ப்பாணம் மட்டும் வரட்டும், துறையில் நின்று பார்த்துக்கொள்ளலாம்" என்று முடிவு செய்தோம்.

அன்றிரவு கடதாசியும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். நெடுந்தீவு, நயினாதீவு, ஊர்காவற்றுறை, காரைநகர்க் கடற்கரை, யாழ்ப்பாணக் கோட்டை என ஒரு நாளுக்குள் ஐந்து இடங்களை எழுதி முடித்தேன். எழுதியதைத் தொலைபேசியில் யாழ்ப்பாணத்து ஆசிரிய நண்பருக்குப் பெருமையுடன் வாசித்துக் காட்டினேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எல்லாம் சரி. திரும்புற படகு எத்தனை மணிக்கெண்டு கேட்டனீங்களோ?"

நான் கேட்டிருக்கவில்லை. அந்தக் கேள்விதான் எங்கள் பயணத்தைக் காப்பாற்றியது என்பதால், மற்றவர்க்கும் பயன்படட்டும் என்று இதனை எழுதுகின்றேன்.

யாழ்ப்பாணத்தை அடுத்துள்ள தீவுகளை இரு வகையாகப் பிரித்துக்கொள்வது முதற்பாடம். வீதியாலே அடையக்கூடியவை ஒரு வகை. மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவு, காரைநகர் ஆகியன இவ்வகையின. பண்ணைத் தாம்போதியைக் கடந்து வேலணைக்கும், அங்கிருந்து வாணர் பாலத்தின் வழியாகப் புங்குடுதீவுக்கும் வாகனத்திலேயே போய்விடலாம். படகின்றி அடைய முடியாதவை மற்றொரு வகை. நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகியன அவை. ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். காரைதீவு அம்ஸ்ரர்டாம் எனவும், வேலணை லைடன் எனவும் வழங்கப்பட்டன. அப்பெயர்களுள் பெரும்பாலானவை ஏட்டோடு நின்றுவிட, நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்பது மட்டும் ஆங்கிலத்தில் இன்றும் நிலைத்திருக்கின்றது.

நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேறும் துறை, புங்குடுதீவின் மேற்கு முனையிலுள்ள குறிகட்டுவான். யாழ்ப்பாண நகரிலிருந்து வாகனத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அதனை அடையலாம். அங்கிருந்து நயினாதீவு கால்மணிப் பொழுது; நெடுந்தீவோ ஒரு மணிப் பொழுது. இந்த வேற்றுமையே திட்டத்தின் அச்சாணி.

நண்பர் சொன்னபடி நான் கணக்கைப் பின்னிருந்து போட்டேன். நெடுந்தீவிலிருந்து நாங்கள் திரும்பவேண்டிய படகு பிற்பகல் இரண்டரை மணிக்கு என்று அறிந்தோம். கூட்டம் எப்படியிருக்கும் என்று தெரியாதாகையால் ஒன்றரைக்கே துறையில் நிற்க வேண்டும். காலைப் படகு ஒன்பது மணிக்குப் புறப்பட்டால் தீவில் இறங்கும்போது பத்து மணி கடந்துவிடும். உணவுக்கு அரைமணியைக் கழித்தால் பார்ப்பதற்கு எஞ்சுவது மூன்று மணி நேரமும் இல்லை. ஐந்து இடங்கள் எழுதிய என் கடதாசியில் நான்கை வெட்டினேன். ஒரு நாளுக்கு ஒரு தீவு என்று விதி வகுத்து, முதல் நாள் நெடுந்தீவு, மறுநாள் நயினாதீவு என்று அமைத்தேன். படகு நேரங்கள் காற்றுக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறுவன. எனவே நான் சொன்ன நேரத்தை நம்பாமல், முதல்நாளே விசாரித்து, துறையிலும் மீண்டும் ஒருமுறை கேட்டுக்கொள்வது நன்று.

நாளைத் தெரிவதிலும் கவனம் வேண்டும். வெள்ளிக்கிழமையை நாங்கள் ஒதுக்கினோம். நண்பருக்கு ஜும்ஆத் தொழுகை, நயினாதீவிலோ அம்மன் சந்நிதியில் கூட்டம். ஆனி மாதத்தையொட்டி வரும் அம்மன் மகோற்சவ காலத்தில் நயினாதீவுப் படகுகளில் நிற்கவும் இடமிராது. வடக்கில் சோளகம் வீசும் மாதங்களில் நெடுந்தீவுக் கடல் கொந்தளிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. இரண்டுக்கும் நடுவே மாசி, பங்குனி, சித்திரை மாதங்களே சிறுவரோடு செல்வோர்க்கு உகந்தவை.

உணவிலும் இரு வீட்டு வழக்கமும் பார்க்க வேண்டியிருந்தது. நண்பர் குடும்பத்தார்க்கு யாழ்ப்பாணம் சோனகத் தெருப் பக்கத்தில் ஹலால் உணவு கிடைத்தது. நயினாதீவில் அமுதசுரபி மண்டபத்து அன்னதானம் உண்டு. நெடுந்தீவுக்கு மட்டும் கட்டுச்சோறும் போதிய தண்ணீரும் கொண்டு சென்றோம். நெடுந்தீவில் நன்னீர் அருமை. கிணறுகள் பலவும் உவர். அங்குள்ளவரின் குடத்து நீரைக் குறைக்காமல் நம் நீரை நாமே கொண்டுபோவது விருந்தினர்க்கு அழகு. தொப்பி, சில்லறைப் பணம், வழக்கமான மருந்து, கடல் மயக்கத்துக்கு நாலைந்து தேசிக்காய். இவற்றுக்கு மேல் சுமை வேண்டாம்.

குறிகட்டுவானில் நாங்கள் எதிர்பாராதது நடந்தது. படகில் ஏற மாட்டேன் என்றிருந்த அம்மையார் துறையோரத்தில் தம் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு அங்கியை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். கைகள் நடுங்கின. காய்கறிக் கூடையோடு படகுக்குக் காத்திருந்த நெடுந்தீவு மூதாட்டி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார். அங்கியின் வாரை இறுக்கிக் கட்டிக் கொடுத்து, "பயப்பிடாதை பிள்ளை. உங்களுக்குப் பஸ் மாதிரி எங்களுக்கு இது. நானும் உனக்குப் பக்கத்திலைதான் இருப்பன்" என்றார். கணவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சிறிது நேரத்தில் அவர் தமக்கும் ஓர் அங்கி கேட்டார்.

அங்கியைப் பற்றி இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். 2021 நவம்பர் 23ஆம் நாள் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டப்பட்டுவந்த காலத்தில் மக்களை ஏற்றியிறக்கிய மிதவைப் பாதை கவிழ்ந்து, பள்ளிப் பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே மாண்டனர். பரந்த கடலன்று அது. மறுகரை கண்ணுக்குத் தெரியும் களப்பு. 2024 டிசம்பர் 18ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்தில், எலிபெண்டாத் தீவுக்கு உல்லாசப் பயணிகளை ஏற்றிச் சென்ற படகின் மீது கடற்படையின் விரைவுப் படகொன்று மோதியதில் பத்துப் பேருக்கு மேல் இறந்தனர். மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையே பாதையில் கடந்து பழகிய நம்மவர்கள் "இவ்வளவு தூரந்தானே" என்று அங்கியை மடியில் வைத்துக்கொள்வதுண்டு. மடியில் இருக்கும் அங்கி யாரையும் காப்பதில்லை. அளவுக்கு மீறி ஆள் ஏறிய படகை விட்டுவிடுவதனால் போவது ஒரு நாள்; அதற்குமேல் ஒன்றுமில்லை.

படகில் அந்த மூதாட்டி தம் தீவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். குமுதினி என்ற பெயர் வந்தபோது மட்டும் குரல் தாழ்ந்தது. 1985 மே 15ஆம் நாள் இதே கடல்வழியில் குமுதினிப் படகு மறிக்கப்பட்டு, அதிலிருந்த பயணிகள் இருபது பேருக்கு மேல் வெட்டிக் கொல்லப்பட்டனர். கடற்படையினரே செய்தனர் எனத் தீவு மக்கள் கூறுகின்றனர். ஆண்டுதோறும் அந்நாளில் மாண்டவரை நினைவுகூருகின்றனர். நண்பரின் மனைவி அவர் கையைப் பற்றிக்கொண்டார். கடலில் உறவினரை இழந்த இரு பெண்களுக்கு இடையே அதற்கு மேல் பேச்சு வேண்டியிருக்கவில்லை. நெடுந்தீவுக் கரை தெரியும்வரை இருவரும் அப்படியே இருந்தனர்.

நெடுந்தீவு ஏறத்தாழ 50 சதுரக் கிலோமீற்றர் பரப்புள்ள தட்டையான நிலம். வீடுகளையும் வளவுகளையும் சூழ்ந்து, சாந்தின்றி அடுக்கிய பவளக்கல் வேலிகள் வெண்மையாக நீண்டு கிடக்கின்றன. வாடகை வண்டியொன்றை அமர்த்திப் பழைய கோட்டையின் இடிபாடுகளையும், கல்லால் எழுப்பிய புறாக் கூட்டையும் பார்த்தோம். வெளியில் மேய்ந்து திரிந்த குதிரைகளைக் கண்டபோதுதான் பிள்ளைகள் ஆரவாரம் செய்தனர். ஐரோப்பியர் கொண்டுவந்து வளர்த்த குதிரைகளின் வழித்தோன்றல்கள் அவை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்னும் பிரித்தானியப் படை அதிகாரி இங்கே இருந்து குதிரை வளர்ப்பை நடத்தினார். இன்று அவற்றுக்கு எசமானர் இல்லை; கோடையில் தண்ணீருக்கு அலைகின்றன.

அராபிய வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பெருக்கமரத்தைக் காண என் நண்பருக்குப் பேராவல். ஆனால் கைக்கடிகாரத்தில் மணி ஒன்றே கால். பிள்ளைகள் முகம் சுருங்கிற்று. எனக்கும் மனம் இல்லை. இருந்தும் வண்டியைத் துறைக்குத் திருப்பச் சொன்னேன்.

துறையில் வரிசை முன்னரே நீண்டிருந்தது. சற்று நேரத்தில், யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லவேண்டிய ஒரு கர்ப்பிணிப் பெண்ணைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தனர். தீவுவாசிகள் எதுவும் பேசாமல் வழிவிட்டனர். கதவருகே காற்றோட்டமான இடத்தைப் பார்த்து வைத்திருந்த எங்கள் குழுவும் பின்னே நகர்ந்தது. கடைசி நிமிடத்தில் பதினொரு பேராக ஓடிவந்து நெருக்கியடித்து ஏறியிருந்தால் நாங்கள் யாருடைய இடத்தைப் பிடித்திருப்போம் என்ற எண்ணம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. நமக்கு ஒருநாள் உல்லாசமாகிய அந்தப் படகு, அவர்களுக்குப் பள்ளிக்கூடம், கச்சேரி, சந்தை, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்குமான ஒரே வழி. முன்கூட்டியே துறையில் நிற்பது நம் வசதிக்கு மட்டுமன்று. அவர்களுக்கு நாம் இடைஞ்சலாகாமல் இருப்பதற்கும் அதுவே வழி.

மறுநாள் நயினாதீவில் அம்மனையும் நாகவிகாரையையும் ஆறுதலாகத் தரிசித்துவிட்டுப் பிற்பகலிலேயே திரும்பினோம். அன்று அம்மையாரை யாரும் படகுக்கு அழைக்க வேண்டியிருக்கவில்லை. தாமே முதலில் அங்கியை மாட்டிக்கொண்டு நின்றார்.

ஊர் வந்து சில வாரங்களாயின. பிள்ளைகள் இப்போது நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாத்தீவைப் பற்றிப் பேசுகின்றனர். 2003 முதல் தேசியப் பூங்காவாக விளங்கும் அத்தீவு நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர். முருகைக்கல்லும் வண்ண மீன்களும் அங்கே சிறப்பு. கிழக்குக் கடல் அடங்கும் சித்திரைக்குப் பின் ஆவணி வரையிலான காலம் அதற்குப் பொருத்தம். முந்தாநாள் மாலை நண்பர் வீட்டு விறாந்தையில் இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். உள்ளேயிருந்து தேநீர் கொண்டு வந்த அவர் மனைவி, கோப்பைகளை வைத்துவிட்டுக் கேட்டார்:

"அங்க திரும்புற வள்ளம் எத்தின மணிக்கி, சேர்?"